தட்டைத் தொட்டால் சம்மதம்

டில்லி லோதி ரோட்டில் வேப்பமரங்கள் அடர்ந்த ஒரு வளைவில் கிடங்கு அளவைச் சீர்மை இயக்ககம் இருக்கிறது. தேசத்தின் கிடங்குகளில் ஒரு மூட்டைக்கும் அடுத்த மூட்டைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று முடிவு செய்வது அதன் வேலை. அந்த இடைவெளி பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிட்டது. பிறகும் இயக்ககம் ஏன் இயங்குகிறது என்று சிலர் கேட்பதுண்டு. முடிவான இடைவெளியை யாரும் மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளவும் ஆட்கள் வேண்டும் அல்லவா?

இங்கே ஒரு முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பது மிக அழகான ஏற்பாடு. கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் எளிதில் விளங்கிவிடும்.

கூட்டம் நடந்தால் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தட்டு வைப்பார்கள். தட்டைப் பார்த்தே கூட்டத்தின் தகுதியைச் சொல்லிவிடலாம். வெறும் மேரி பிஸ்கட் என்றால் பிரிவு அளவிலான கூட்டம். கூடவே ஒரு பிடி நம்கீன் என்ற கார மிக்சர் இருந்தால் துணை இயக்குநர் தலைமை. சமோசாவும் பர்ஃபியும் வந்தால் தலைமை இயக்குநரே வருகிறார். முந்திரி தென்பட்டால் அமைச்சகத்திலிருந்து யாரோ வருகிறார்கள். அன்று எல்லோரும் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொள்வார்கள்.

முன்பொரு காலத்தில் ஒரு தலைமை இயக்குநர், சமோசா வந்து இறங்கிய அதே நேரத்தில், "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார். எல்லார் வாயிலும் சமோசா. ஒருவரும் பேசவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இதிலிருந்த வசதி உடனே உணரப்பட்டு, நாளடைவில் வழக்கமாகிவிட்டது. இப்போதெல்லாம் குறிப்பெழுதும் உதவியாளர் யார் என்ன பேசினார்கள் என்று கவனிப்பதில்லை. எல்லோரும் எழுந்து போனபின் மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். தொட்ட தட்டு சம்மதம். தொடாத தட்டு ஆட்சேபணை. சட்னியை மட்டும் தொட்டிருந்தால் நிபந்தனையுடன் கூடிய சம்மதம். இந்த முறையில் பிழை வந்ததாக இதுவரை புகார் இல்லை.

அய்யாசாமி இங்கே பிரிவு அதிகாரி. சிவகங்கைப் பக்கத்துக்காரர்; சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் மனைவி ராஜம், மகள் மானசா இருவரோடும் இருக்கிறார். யாரோடும் வம்புக்குப் போகாதவர். இத்தனை ஆண்டுப் பணியில் ஒரு தட்டையும் அவர் தொடாமல் விட்டதில்லை. அவருக்கு வந்த சர்க்கரை நோய் பெரும்பாலும் சம்மதத்தால் வந்தது.

அவருடைய டாக்டர் ஆல்பர்ட் நாகர்கோவில்காரர். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அய்யாசாமி, மாத்திரை அதுக்க வேலையச் செய்யுது. நீங்கதான் உங்க வேலையச் செய்யல்ல. அடுத்த டெஸ்ட்ல குறையல்லேன்னா ஊசிதான், பாத்துக்கிடுங்க. தினமும் வயித்துல. நீங்களேதான் குத்தணும்."

ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே அய்யாசாமிக்கு உள்ளங்கால் கூசும். ரத்தம் எடுக்கும்போதுகூடச் சுவரிலிருக்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு பண்டிகைகளை வாய்விட்டுப் படிப்பவர் அவர். தன் வயிற்றில் தானே குத்திக்கொள்வதை நினைத்ததும் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வேற வழி, டாக்டர்?"

"இருக்கு. செலவில்லாத வழி. அதனாலதான் யாரும் கேக்கமாட்டாங்க."

டாக்டர் சொன்ன வழி இதுதான். செடி கொடி மரத்திலிருந்து வருவதை, கூடியவரை அது வந்த கோலத்திலேயே சாப்பிடுவது. தீட்டாத தானியம், பயறு, காய், கீரை, பழம், கொட்டை. மைதா இல்லை, சர்க்கரை இல்லை, பொரித்தது இல்லை, பால்கூட இல்லை. "அதுல பி-பன்னெண்டு மட்டும் கிடைக்காது, அதுக்கு ஒரு மாத்திரை தாரேன். மத்த மாத்திரை எதையும் நீங்களா நிறுத்தப்பிடாது."

ஏன் இப்படி என்பதை விளக்குவது எளிது. அரசு அலுவலகத்து வாசலை நினைத்துக்கொண்டால் போதும். தானியத்தின் தோலிலும் கீரையின் நரம்பிலும் இருக்கும் நார்ச்சத்துதான் வாசல் காவலர். மாவுச்சத்து சர்க்கரையாகி ரத்தத்துக்குள் நுழைய வரும்போது, காவலர் ஒவ்வொருவரையும் நிறுத்தி, பாஸ் கேட்டு, பையைத் திறந்து பார்த்து, மெதுவாக உள்ளே விடுகிறார். உள்ளே இருக்கும் இன்சுலின் என்ற வரவேற்பாளர் ஒவ்வொருவராக அழைத்துப் போய் உட்காரவைத்துவிடுகிறார். மைதா என்பது காவலரை வேலையை விட்டுத் தூக்கிவிட்ட வாசல். கூட்டம் மொத்தமாக உள்ளே பாய்கிறது. வரவேற்பாளர் என்ன செய்வார் பாவம், மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்கிறார். வெளியிலிருந்து ஊசி வழியாக ஆள் அனுப்ப வேண்டியதாகிறது.

ராஜம் அன்றே ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய்ச் சாமையும் வரகும் வாங்கி வந்துவிட்டாள். டில்லிக் குளிரில் கீரைக்குப் பஞ்சமில்லை. சாமைச் சோறு, முளைகட்டிய பாசிப்பயறு, வெந்தயக்கீரைக் கூட்டு, ஒரு கை வேர்க்கடலை, ஒரு கொய்யா. இதுதான் மதிய டப்பா. முதல் வாரம் அய்யாசாமி முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டார். இரண்டாவது வாரம் முகம் தானாக நேரானது. பிறகு பெல்ட்டில் ஒரு துளை உள்ளே போனது. காலைச் சர்க்கரை மெல்ல இறங்கத் தொடங்கியது. பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தே போனார் ஒருநாள்.

"சச்சீ, அப்பா, யூ லுக் லைக் யுவர் ஐ.டி. கார்டு," என்றாள் மானசா. அட்டையில் இருந்தது வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த படம்.

இப்படியிருக்கும்போதுதான் ஒரு மதியம் அலுவலகத்தில் துணை இயக்குநர் வெங்கடராமன் டப்பாவைப் பார்த்தார்.

வெங்கடராமனின் குடும்பம் கும்பகோணம். ஆனால் அவர் பிறந்ததே சரோஜினி நகரில். தமிழில் யோசித்து, இந்தியில் கோபித்து, ஆங்கிலத்தில் கையெழுத்திடுபவர். அவருக்கு அந்தச் சமயத்தில் ஒரு நெருக்கடி. மத்திய அரசு அலுவலகங்களில் பக்வாடா என்று ஒன்று உண்டு. பதினைந்து நாள் ஏதாவதொரு நல்ல காரியத்தைக் கொண்டாடுவது. பேனர், சபதம், கட்டுரைப் போட்டி, நிறைவு விழா. இந்த ஆண்டு ஒவ்வொரு அலுவலகமும் மற்றவர் எடுக்காத புதுத் தலைப்பாக எடுக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. தூய்மை போயிற்று, யோகா போயிற்று, மரம் நடுதலும் போயிற்று. வெங்கடராமன் கையில் ஒன்றும் இல்லை.

"அய்யாசாமி, இது என்ன சாப்பாடு?"

"முழுத்தாவர உணவு சார். டாக்டர் சொன்னாக."

வெங்கடராமன் டப்பாவையும் அய்யாசாமியின் பெல்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அச்சா! மூடி வெச்சிட்டு என்னோட வாங்கோ. டிஜி ரூமுக்கு. ஜல்தி!"

"ரெண்டு வாய் சாப்ட்டுட்டு வரேனே சார்."

"சாப்பிட்டேள்னா எதைக் காட்டறது?"

தலைமை இயக்குநர் மல்ஹோத்ரா டப்பாவைத் திறந்து, கொய்யாவை முகர்ந்து, மகிழ்ந்தார். மாலைக்குள் முழுத்தாவர உணவுப் பக்வாடா அறிவிக்கப்பட்டது. அய்யாசாமி அதற்கு நோடல் ஆபீசர். அதாவது, ஒரு வேலையைப் பலர் சேர்ந்து செய்யாமல் விடும்போது, ஏன் நடக்கவில்லை என்று கேட்பதற்கு வசதியாக ஒருவரை நியமிப்பார்கள். அவர்தான் நோடல் ஆபீசர்.

முதல் கூட்டத்தில் மல்ஹோத்ரா பேசினார். இந்தியும் ஆங்கிலமுமாக வந்த அந்த உரையைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"நண்பர்களே, தாவர உணவு எனக்குப் புதிதல்ல. இதோ இந்த சமோசாவையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே உருளைக்கிழங்கு: தாவரம். பட்டாணி: தாவரம். மேலே மைதா: கோதுமை என்ற தாவரம். பொரித்த எண்ணெய்: கடுகு என்ற தாவரம். பர்ஃபியில் சர்க்கரை: கரும்பு. பாலோ என்று கேட்பீர்கள். மாடு எதைத் தின்கிறது? புல்லை. அப்படியானால் பால் என்பது என்ன? பதப்படுத்திய புல். நான் நாற்பது வருடமாக இந்த உணவுமுறையில்தான் இருக்கிறேன், அப்படி இருக்கிறேன் என்பது இன்றுதான் தெரிகிறது."

கைதட்டல் எழுந்தது. தட்டுகள் வந்தன. எல்லோரும் கை வைத்தார்கள். அய்யாசாமி சமோசாவைப் பார்த்தார். சமோசாவின் மூன்று முனைகளும் அவருக்கு ஊசி முனைகளாகத் தெரிந்தன. முதல்முறையாகத் தட்டை ஒதுக்கி வைத்தார்.

மறுநாள் கூட்டக் குறிப்பு வந்தது. 'முழுத்தாவர உணவை அனைவரும் ஒருமனதாக ஆதரித்தனர். நோடல் ஆபீசர் மட்டும் ஆட்சேபித்தார்.'

வெங்கடராமன் குறிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "என்ன அய்யாசாமி, உங்க பக்வாடாவை நீங்களே ஆப்ஜெக்ட் பண்ணினா எப்படி?"

"நான் எங்க சார் ஆட்சேபிச்சேன்? சமோசா சாப்பிடல. அம்புட்டுத்தான்."

"அதைத்தானே நானும் சொல்றேன்! டிஜி மூஞ்சி எப்படி இருக்கு தெரியுமோ? அடுத்த மீட்டிங்ல ஒழுங்கா சாப்பிடுங்கோ."

அய்யாசாமி அடுத்த கூட்டத்தில் சட்னியை மட்டும் தொட்டு நிபந்தனையுடன் சம்மதித்துப் பார்த்தார். என்ன நிபந்தனை என்று எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். அதற்கடுத்த கூட்டத்தில் சமோசாவைச் சாப்பிட்டுவிட்டார்.

கூட்டங்களுக்குக் குறைவில்லை. முதலில் 'முழு' என்றால் என்ன என்று வரையறுக்க வேண்டியிருந்தது. இணை இயக்குநர் சாவ்லா அம்மையார் கூர்மையானவர்.

"வாழைப்பழத்தைத் தோலோடு சாப்பிடுகிறோமா? இல்லை. உரித்துவிட்டால் அது முழு உணவா? ஆடிட் வந்தால் என்ன பதில் சொல்வது?"

அறை ஆடிப்போனது. சட்டப் பிரிவின் கருத்து கேட்கப்பட்டது. அவர்கள் ஆழ்ந்து ஆராய்ந்து, வாழைப்பழம் உரிக்கப்படும்வரை முழு உணவு என்றும், உரித்தபின் உண்பவரின் சொந்தப் பொறுப்பு என்றும் எழுதினார்கள். பலாப்பழம் தனிக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தட்டு. மாதுளைக்கு இரண்டு நாள் ஆனது.

தொடக்க விழாவில் ரிப்பனுக்குப் பதில் நீளமான சுரைக்காய் ஒன்றை வெட்டுவதாக ஏற்பாடு. மல்ஹோத்ரா கத்தியை ஓங்கியபோது சாவ்லா அம்மையார், "சார், வெட்டினால் முழு அல்ல," என்று நினைவூட்டினார். கத்தி அந்தரத்தில் நின்றது. முடிவில் தலைமை இயக்குநர் சுரைக்காயை இரு கையாலும் தூக்கி, கேமராவைப் பார்த்துச் சிரித்து, திரும்ப வைத்தார். சுரைக்காய் திறந்துவைக்கப்பட்டதாக அறிவித்தார்கள்.

பிறகு சபதம். அனைவரும் வலது கையை முன்னால் நீட்டி, தீட்டிய தானியத்தையும் இனிப்பையும் இனித் தொடுவதில்லை என்று உரக்கச் சொன்னார்கள். சொல்லி முடித்ததும் லட்டு வந்தது. நீட்டியிருந்த கையை அப்படியே திருப்பினால் போதும், வரிசையாக வைத்துக்கொண்டே போனார்கள். நேரம் நிறைய மிச்சமானது.

இவ்வளவும் அய்யாசாமி தாங்கிக்கொண்டிருப்பார். கூட்டத்தில் ஒரு சமோசா போனாலும் மதியம் தன் டப்பா இருக்கிறது என்பது அவருக்கு ஆறுதல். அந்த ஆறுதலுக்கு மூன்றாம் நாள் முடிவு வந்தது.

வரவேற்புக் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்கப்பட்டது. உள்ளே விளக்கு. மேலே 'மாதிரி மதிய உணவு'. காலையில் அய்யாசாமி வந்ததும் பியூன் டப்பாவை வாங்கி, திறந்து, பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். பிற அலுவலகங்களிலிருந்து குழுக்கள் வந்து பார்த்தன. அவர்களுக்கு டப்பாவைக் காட்டி விளக்க வேண்டியதும் அய்யாசாமிதான்.

"இது சாமை. இதுல தோல் போகாம இருக்கு. அதனால சர்க்கரை மெதுவா ஏறும்," என்று அவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று சொல்வார். வயிறு சத்தமிடும். வந்தவர்கள் அதையும் விளக்கத்தின் பகுதி என்று எண்ணித் தலையாட்டுவார்கள். சாயங்காலம் பெட்டியைத் திறக்கும்போது விளக்குச் சூட்டில் கீரை கறுத்து, பயறு உலர்ந்து, சோறு தனித்தனியாக விறைத்திருக்கும். நடுவில் பசிக்குக் கேன்டீன்தான். அங்கே பட்டூரேயும், தொட்டுக்கொள்ளக் கொண்டைக்கடலைச் சோலேயும். பட்டூரே என்பது, காவலர் இல்லாத வாசலை எண்ணெயில் போட்டு ஊதப்பண்ணியது.

"ஏங்க, இன்னைக்காச்சும் டப்பாவைச் சாப்ட்டீகளா?" என்று ராஜம் கேட்டாள்.

"எங்கிட்டு சாப்பிட? நேபாளத்துல இருந்து ஒரு குழு வந்து பாத்துட்டுப் போச்சு."

"நான் விடியக்காலம் எந்திரிச்சு குளுர்ல ஆக்குறது ஊர்க்காரவுக வேடிக்க பாக்கவா? இனிமே ரெண்டு டப்பா தாரேன். ஒண்ணு பெட்டிக்கு, ஒண்ணு வயித்துக்கு."

நல்ல யோசனைதான். இரண்டாவது டப்பாவைப் பையின் அடியில் மறைத்து எடுத்துப் போனார். வாசலில் பியூன் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். "டூப்ளிகேட் காப்பியா சாப்? வெங்கடராமன் சாப் நேற்றே கேட்டார்." அலுவலகத்தில் எதற்கும் இரண்டு பிரதி உண்டு: ஒன்று பார்வைக்கு, ஒன்று கோப்புக்கு. இரண்டாவது டப்பா ஆவணக் காப்பறையின் ஃப்ரிட்ஜுக்குப் போனது.

ஒருநாள் வெளியே கிளம்பி, பஸ் ஸ்டாப் நிழற்குடையில் நின்று அவசர அவசரமாக ஒரு கொய்யாவைக் கடித்தார். எதிரே வெங்கடராமனின் கார் நின்றது.

"அய்யாசாமி! என்ன இது, பட்டப்பகல்ல?"

"கொய்யா சார்."

"எக்ஸிபிட்டோட கொய்யாவா?"

"இல்ல சார், தள்ளுவண்டில வாங்கினேன்."

"நோடல் ஆபீசர் ரோட்ல நின்னுண்டு சாப்பிட்டா ஜனங்க என்ன நினைப்பா? ஆபீஸ்ல தாவர உணவே கிடைக்கலைன்னு நினைக்கமாட்டாளோ? வண்டில ஏறுங்கோ. மாம்பழக் கமிட்டி காத்துண்டிருக்கு."

அய்யாசாமி ஏறினார். குளிர்காலத்தில் மாம்பழம் கிடைக்காததால் பர்ஃபியைப் பார்வைக்கு வைத்து விவாதித்தார்கள்.

டாக்டர் ஆல்பர்ட் இடையில் ஒரு பரிசோதனை செய்து பார்த்தார். கண்ணாடியை இந்த முறை இரண்டு தடவை கழற்றி மாட்டினார்.

"முதல் மாசம் நல்லா இறங்கிச்சே! இப்ப பழையதுக்கும் மேல நிக்கி. என்னவே செய்தீரு? உள்ளதச் சொல்லும்."

கோபம் வந்தால் டாக்டருக்கு நாகர்கோவில் கூடிவிடும். அய்யாசாமி உள்ளதைச் சொன்னார். தாவர உணவைப் பரப்புவதால் தாவர உணவு சாப்பிட முடியவில்லை. டாக்டர் அதைத் தன் குறிப்பில் எழுதலாமா என்று யோசித்துவிட்டு, விட்டுவிட்டார்.

"இன்னும் ஒரே ஒரு டெஸ்ட். அதுலயும் இப்படி இருந்தா அன்னிக்கே ஊசி குத்தச் சொல்லித் தருவேன். ஆரஞ்சுப் பழத்துல குத்திப் பழகலாம்."

ஆரஞ்சு முழு உணவா என்பது அப்போது சட்டப் பிரிவில் நிலுவையில் இருந்தது.

பதினைந்து நாள்தானே, முடிந்துவிடும் என்று நம்பியிருந்தார் அய்யாசாமி. அப்போதுதான் நிறைவுக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரல் வந்தது. பக்வாடா மாபெரும் வெற்றி என்பதால் அதை ஆண்டு முழுவதுக்கும் நீட்டிப்பது. எல்லாக் கிளை அலுவலகங்களிலும் கண்ணாடிப் பெட்டி வைப்பது. அய்யாசாமி நிரந்தர நோடல் ஆபீசர். ஒரே ஒரு தீர்மானம். தட்டைத் தொட்டால் நிறைவேறிவிடும்.

அன்று மாலை வீட்டில் அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து மானசா டி.வி.யை அணைத்துவிட்டாள்.

"வருசம் பூராவுமா?" என்றாள் ராஜம்.

"ஆமா. ரிட்டயர் ஆகிறவரைக்கும் கண்ணாடி வழியா பாக்க வேண்டியதுதான்."

"சரி, அந்தக் கூட்டத்துக்குத் திங்க என்ன வைக்கணும்னு யாரு சொல்றது?"

"நிறைவுக் கூட்டத்துக்கு மட்டும் நோடல் ஆபீசர்."

"அப்புறம் என்ன? கூட்டத்துக்கே நம்ம சாப்பாட்ட வையுங்க. அன்னைக்கு ஒரு நாளாச்சும் பசியாறச் சாப்பிடலாம்ல."

இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ராஜத்துக்குக் கணவர் சாப்பிட வேண்டும். அய்யாசாமிக்குப் பசி. அவர் அதற்கு மேல் யோசிக்கவில்லை. முறைப்படி கேன்டீனுக்கு எழுதி, ராஜத்திடம் பக்குவம் கேட்டு, சாமைச் சோறும் முளைப்பயறும் கீரையும் கொய்யாத் துண்டும் இஞ்சி போட்ட எலுமிச்சைத் தண்ணீரும் ஏற்பாடு செய்துவிட்டார்.

நிறைவுக் கூட்டத்தில் மல்ஹோத்ரா எழுந்தபோது தட்டுகள் வந்துவிட்டிருந்தன.

"நண்பர்களே, இந்தப் பதினைந்து நாளில் நம் வாழ்க்கையே மாறிவிட்டது. இதோ, இந்த உணவைப் பாருங்கள். எவ்வளவு எளிமை! எவ்வளவு..." தட்டைப் பார்த்தவர் சற்று நிறுத்தினார். பக்கத்திலிருந்த வெங்கடராமனிடம் குனிந்து, "பின்னால் வருகிறதா?" என்று கேட்டார்.

"வரும் சார்," என்றார் வெங்கடராமன், எதை என்று கேட்காமலே.

அந்தச் செய்தி மேஜையைச் சுற்றி மெல்லப் பரவியது. பின்னால் வருகிறது. இதைச் சாப்பிட்டு வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டாம். எல்லோரும் பயறை மரியாதையோடு பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். மல்ஹோத்ரா உரையை நீட்டினார். தாவரங்களின் வரலாற்றைச் சொன்னார். தன் வரலாற்றைச் சொன்னார். கதவு திறக்கும் சத்தம் கேட்டபோதெல்லாம் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். ஒருமுறை பியூன் வந்தார், ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனார். சாவ்லா அம்மையார் கொய்யாத் துண்டைக் கைக்குட்டையால் மூடி வைத்தார்.

அய்யாசாமி மட்டும் சாப்பிட்டார். தலை நிமிராமல், பேச்சு காதில் விழாமல், வழித்துச் சாப்பிட்டார். பல நாள் கழித்து வாயில் பட்ட வெந்தயக்கீரை. கண் லேசாகக் கலங்கியது. பக்கத்தில் இருந்தவர் அதை உரையின் பாதிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

சமோசா வரவில்லை. வரப்போவதில்லை என்பது உறுதியானதும் உரை ஒரு வாக்கியத்தின் நடுவில் முடிந்தது. கேன்டீனில் பட்டூரே தீர்ந்துவிடும் என்ற கவலையில் அறை ஒரு நொடியில் காலியானது.

பிறகு உதவியாளர் வழக்கம்போல மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அவருக்குக் குழப்பமாக இருந்ததால் இன்னொரு சுற்றும் வந்தார். ஆனால் முறை என்பது முறை. எழுதினார்: 'தலைமை இயக்குநர் உள்பட அனைவரும் நீட்டிப்பை ஆட்சேபித்தனர். நோடல் ஆபீசர் மட்டும் முழுமையாகச் சம்மதித்தார்.'

குறிப்பு தலைமை இயக்குநர் மேஜைக்குப் போன அன்று வெங்கடராமனும் அய்யாசாமியும் எதிரே நின்றிருந்தார்கள். மல்ஹோத்ரா ஒருமுறை படித்தார். மறுபடி படித்தார். நெற்றி சுருங்கியது.

"நான் ஆட்சேபித்திருக்கிறேன்," என்றார்.

"சார், அது வந்து..." என்று தொடங்கினார் வெங்கடராமன்.

மல்ஹோத்ரா கையை உயர்த்தினார். "இல்லை. நான் ஆட்சேபித்திருந்தால் அதில் ஏதோ விஷயம் இருக்கும். யோசிக்காமல் ஆட்சேபிக்கிறவன் அல்ல நான். இப்போது எனக்கே காரணம் புலப்படுகிறது. நாம் கிடங்கு அலுவலகம். தனிமனிதன் தட்டில் அரசாங்கம் கை வைக்கலாமா? இதை அன்றே உணர்ந்துதான் தொடாமல் விட்டிருக்கிறேன்." பிறகு அய்யாசாமியைக் கனிவோடு பார்த்தார். "உன் ஆர்வம் எனக்குப் பிடிக்கிறது, பேட்டா. ஆனால் அரசு வேலையில் தனிப்பட்ட கொள்கைகளைத் திணிக்கக் கூடாது. உன் டப்பாவை நீயே எடுத்துக்கொள்."

"தேங்க்யூ சார்," என்றார் அய்யாசாமி. பணிக்காலத்தில் அவர் இவ்வளவு மனப்பூர்வமாக இதைச் சொன்னதில்லை.

கண்ணாடிப் பெட்டி வீணாகவில்லை. அதில் சின்னதாக இரண்டு மூட்டைகள் செய்து, சரியான இடைவெளி விட்டு வைத்தார்கள்.

மதிய உணவு வேளையில் லோதி ரோட்டு அலுவலகக்காரர்கள் புல்வெளியில் வெயில் காய்வது வழக்கம். அய்யாசாமியும் அங்கே ஒரு பெஞ்சில் தினமும் டப்பாவைத் திறந்து, நிதானமாக மென்று சாப்பிட்டார். கூட்டங்களில் மறுபடி இடைவெளி மட்டுமே விவாதம். அவற்றில் அவர் தட்டைத் தொடாமல் விட்டார். இடைவெளியை அவர் தொடர்ந்து ஆட்சேபிப்பதாகக் குறிப்புகளில் பதிவானது. அது மாறப்போவதில்லை என்பதால் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

குளிர் விடைபெறும் நேரத்தில் டெஸ்ட் முடிவு வந்தது. டாக்டர் ஆல்பர்ட் கண்ணாடியைக் கழற்றவே இல்லை.

"நல்லா இறங்கியிருக்கு. ஊசி இப்ப வேண்டாம். இப்படியே போட்டும்."

அய்யாசாமி அங்கிருந்து நேராக அலுவலகம் வந்து, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் செய்தியைச் சொல்லிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்தார். நிழல் ஒன்று குறுக்கே விழுந்தது. வெங்கடராமன். கையில் எதுவும் இல்லை. நின்றார், புல்லைப் பார்த்தார், உட்கார்ந்தார்.

"ஊசி வேண்டாம்னுட்டாராமே? ஆபீஸ்ல சொன்னா."

"ஆமா சார்."

"சந்தோஷம்." பிறகு தாழ்ந்த குரலில், "எனக்கும் இருக்கு, அய்யாசாமி. உங்களை விட ஜாஸ்தி. ரொம்ப வருஷமா," என்றார்.

அய்யாசாமி திரும்பிப் பார்த்தார்.

"டாக்டர் சொல்லியாச்சு, ஆத்துக்காரி சொல்லியாச்சு. என்னால முடியலை. ஆனா ஆர்டர்னு ஒண்ணு வந்துதுன்னா நான் மீற மாட்டேன், அது உங்களுக்கே தெரியும். உங்க டப்பாவைப் பாத்ததும் தோணித்து, இதை ஒரு ஆர்டராப் போட்டுட்டா நானும் சாப்பிட்டுடுவேனோன்னு." மூக்கை உறிஞ்சினார். "பக்வாடால மட்டும் எத்தனை சமோசா தின்னேன் தெரியுமோ? ஆத்துக்காரி கேட்டா சபதம் எடுத்துண்டிருக்கேன்னு சொல்லிண்டிருந்தேன்."

அய்யாசாமி டப்பா மூடியில் பாதிச் சோற்றை எடுத்து வைத்தார். மேலே பயறு, ஓரத்தில் கீரை. பெஞ்சின் மேல் மெல்ல அவர் பக்கம் தள்ளினார்.

வெங்கடராமன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு ஆர்டர் எதுவும் இல்லையே."

"இல்ல சார்."

"சுத்தி யாராவது இருக்காளா?"

"வெயில் காயுறவுகதான். நம்மள யாரும் பாக்கல."

வெங்கடராமன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்து, மென்று, விழுங்கினார். இன்னொன்று எடுத்தார். மூன்றாவது கவளத்தில் கீரையையும் சேர்த்துக்கொண்டார். பிறகு ஏதோ நினைவு வந்தவராகச் சட்டென்று நிறுத்தி, அய்யாசாமியின் பக்கம் குனிந்தார்.

"இதை மினிட்ஸ்ல எழுதிடாதீங்கோ."